ஆறு நாள் தண்ணீர்

ஐஸ் லோரி ஓட்டுகிறவனுக்கு மூக்கு அவ்வளவு கூர்மையாக இருக்கக்கூடாது. எனக்கு இருக்கிறது, என்ன செய்வது. இருபத்திரண்டு வருஷமாகப் பாசிர் பெனம்பாங் ஜெட்டிக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். மீன் வாடை, சேற்று வாடை, டீசல் வாடை எல்லாம் பழகிவிட்டது. போன அக்டோபரில் அடித்த நாற்றத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே சேற்றில் விதைத்து வளர்த்திருந்த கெராங் சிப்பி அத்தனையும் நாலே நாளில் வாயைப் பிளந்துவிட்டன. அள்ளிக்கொண்டு வந்து ஜெட்டியில் கொட்டினார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மாட்கள் எல்லாரும் சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தபடி நின்றோம்.

அதே வாரத்தில்தான் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுப் புனிதனும் போனான். இருபத்தாறு வயது. எலிக்காய்ச்சல். கெராங் செத்ததற்கும் அவன் போனதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஜெட்டியில் யாராவது ஒன்றைப் பேசினால் அடுத்த பேச்சு மற்றது பற்றித்தான் இருக்கும்.

புனிதனின் அப்பா நல்லசாமி, அம்மா கங்கா. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள். எஸ்டேட்டை விற்று வீடு கட்டப் போகிறோம் என்று லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது கோல சிலாங்கூருக்கு வந்து சேர்ந்தார்கள். நல்லசாமி சீன முதலாளி தவுக்கே லிம்மின் சம்பான் படகில் கெராங் அள்ளப் போனார். கங்கா கொட்டகையில் உட்கார்ந்து பெரிசு சிறிசு பிரித்துச் சாக்கில் கட்டுவாள். பையன் வளர்ந்ததும் அவனும் அப்பாவோடு சம்பானில் ஏறிவிட்டான். கங்கா என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் நல்லசாமி எனக்கு மச்சான் ஆனார், புனிதன் என்னை மாமா என்பான். ரத்த உறவு ஒன்றுமில்லை. ஒரே சுவரைப் பங்குபோட்ட உறவுதான், அதுவே போதுமாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஷாமளா என்ற பெண் ஜெட்டிக்கு வந்தாள். சுங்கை சோ பக்கத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் கடல் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. "நாங்க மாசத்துக்கு ஒரு தடவைதான் வந்து தண்ணிய அளக்க முடியுது. நீங்க தினம் போறீங்க. நீங்களே அளந்து எழுதிக் கொடுத்தா கடலுக்கு என்ன ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள். சம்பளம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பாதிக் கூட்டம் அப்போதே கலைந்தது. மீதிப் பாதி அவள் வாங்கி வைத்திருந்த ரொட்டி சானாயைத் தின்றுவிட்டுக் கலைந்தது. நானும் இரண்டு தின்றேன், பொய் சொல்வானேன்.

கடைசியில் நின்றவர்கள் இரண்டு பேர். வடக்குப் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து பாக் சமாட். இந்தப் பக்கம் புனிதன். ஆளுக்கொரு மஞ்சள் பெட்டி கொடுத்தாள். உள்ளே கயிற்றில் கட்டிய ஒரு வெள்ளைத் தட்டு. தண்ணீருக்குள் இறக்கி, கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடத்தில் கயிற்று முடிச்சை எண்ண வேண்டும். உப்பு பார்க்க ஒரு சின்னக் குழல், சூடு பார்க்க ஒன்று. ஒயர் தொங்கும் மீட்டர் ஒன்று, அதுதான் முக்கியம். தண்ணீரில் சிப்பியும் மீனும் மூச்சு விட எவ்வளவு காற்று இருக்கிறது என்று அது சொல்லும். தினமும் நீர் ஏறி நிற்கிற நேரத்தில், கெராங் பண்ணையில் நட்டிருக்கும் ஒரே கம்புக்குப் பக்கத்தில் அளந்து, நீளப் புத்தகத்தில் ஒரு நாளைக்கு ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

"டாக்டரு வந்துட்டாருடா, கடலுக்கு ஊசி போடப் போறாரு" என்று நான் கிண்டல் செய்வேன்.

"ஊசி இல்ல மாமா. காய்ச்சல் இருக்கான்னுதான் பாக்குறேன். அஞ்சுக்கு மேல இருந்தா சொகமா இருக்கு. மூணுக்குக் கீழ போனா கெராங் எல்லாம் காலி."

ஒரு தடவை மூன்றரை என்று காட்டியது. ஓடிப்போய்த் தவுக்கேயிடம் சொன்னான். லிம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி தொலையட்டும் என்று அன்றைக்கே குஞ்சுக் கெராங்கை வேறு இடத்துக்கு மாற்றினான். மாற்றாதவர்களுக்குப் பாதி செத்தது. அதற்கப்புறம் தவுக்கேயே காலையில் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, "புனிதா, இன்னிக்கி நம்பர் எத்தனை லா?" என்று கேட்க ஆரம்பித்தான். ஆறாம் வகுப்பில் வாத்தியார் உதவாக்கரை என்று சொன்ன பையனை ஜெட்டியே நம்பர் கேட்டது. கங்காவுக்கு அன்றைக்கு இருந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சிப்பி பிரித்துக்கொண்டே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. புனிதனுக்குக் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்து நாள் கிடந்தான். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. டாக்டர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. நல்லசாமி ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தார். கங்கா மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்து, கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போவாள். பாதி நாள் நான்தான் லோரியில் கொண்டுபோய் விட்டேன். அந்த நாட்களில்தான் கெராங் செத்துக்கொண்டிருந்தது. அதை நினைக்க எங்களுக்கு எங்கே நேரம்.

காரியம் முடிந்த பிறகு ஷாமளா வந்தாள். கங்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். போகும்போது மஞ்சள் பெட்டியையும் புத்தகத்தையும் கங்காவே எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மறுபடி அவள் வந்தது பிப்ரவரியில். வெயில் கொளுத்துகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் நல்லசாமி வீட்டில் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கங்கா அடுப்படியில் நெத்திலி சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். கெராங் போனதிலிருந்து நல்லசாமிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை, கங்காவின் கொட்டகையைப் பூட்டியே விட்டார்கள்.

"அங்கள், வர்ற வியாழக்கிழமை மீன்வள ஆபீஸ்ல மீட்டிங்" என்றாள் ஷாமளா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "மேல ஆத்தோரத்துல இருக்கிற பாமாயில் ஆலை கழிவுத் தண்ணியத் திறந்து விட்டுத்தான் கெராங் செத்துச்சுன்னு தவுக்கேங்க புகார் கொடுத்தாங்கள்ல, அதப் பத்தி."

"நல்லதுதானம்மா."

"நல்லதுதான் அங்கள். ஆனா ஆலைக்காரங்க நம்ம புத்தகத்தையே எடுத்துக் காட்டுறாங்க." அவள் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். "அந்த வாரம் பாக் சமாட்டுக்கு எஞ்சின் ரிப்பேர். அவரு கடலுக்கே போகல, ஒண்ணும் எழுதல. புனிதன் புத்தகத்துல மட்டும்தான் அந்த ஆறு நாளும் நம்பர் இருக்கு. அஞ்சு புள்ளி ரெண்டு, அஞ்சு புள்ளி ஒண்ணு, அஞ்சு புள்ளி மூணு. எல்லாம் நல்ல தண்ணி. 'உங்க ஆளே எழுதியிருக்கான், தண்ணியில ஒரு கொறையும் இல்ல, கெராங் ஏதோ சீக்குல செத்திருக்கு'ன்னு சொல்றாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"புனிதன் அப்ப ஆஸ்பத்திரியிலன்னு எனக்குத் தெரியும். அதான் கேக்க வந்தேன். நீங்கதான் அளந்து எழுதுனீங்களா அங்கள்?"

நல்லசாமி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கங்கா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சம்பல் அடிப்பிடிக்கிற வாடை வந்தது.

"ஆமாம்மா" என்றார். "நாந்தான்."

ஆறு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் சுருண்டு கிடந்த மனுஷன். சட்டை மாற்றுவதற்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. நான்தான் கைலி கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வியாழக்கிழமை நீங்க வந்து சொல்லணும் அங்கள். மீட்டர எப்படிப் பிடிச்சீங்க, எத்தனை மணிக்குன்னு கேப்பாங்க. மீட்டர் கெட்டுப் போயிருக்கலாம், நீங்க புதுசு, தப்பாப் பாத்திருக்கலாம். அப்படி இருந்தா நாம பேசலாம்."

"தப்பா எழுதியிருந்தா என்னம்மா செய்வாங்க?"

"தப்பாப் பாத்திருந்தா அந்த ஆறு வரிய மட்டும் எடுத்துருவோம்." கொஞ்சம் தயங்கினாள். "அளக்காமலே எழுதியிருந்தாத்தான் கஷ்டம். ஒரு வரி அப்படின்னு தெரிஞ்சாலும் அந்த ஆளு எழுதின மொத்தத்தையும் தூக்கிருவாங்க அங்கள். அதுதான் ரூல். எது நெசம், எது பொய்னு யாருக்குத் தெரியும்? மூணு வருஷம், ஆயிரம் வரி. வர்ற ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே புனிதன் பேரப் போட்டிருக்கோம். அதெல்லாம் போயிரும்."

அவள் போன பிறகு நான் எழுந்தேன்.

"உக்காருங்கண்ணே" என்றாள் கங்கா. "நீங்களும் கேட்டுக்குங்க. நாந்தான் எழுதுனேன்."

"தெரியும்டி" என்றார் நல்லசாமி. "வேற யாரு எழுதுவா, பேயா வந்து எழுதும்?"

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

"திட்டல. ஏன்டி எழுதுன?"

கங்கா கருகிய சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"நம்ம எஸ்டேட்டுல உங்களுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? புனிதன் வயித்துல எட்டு மாசம். ஒம்போது நாள் நீங்க எழுந்திரிக்கல. காலைப் பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப நான் போயி மண்டோர் சன்னாசி கால்லயே விழுந்தேன். தொடர்ந்து பேரு விழாம இருந்தா லயத்தக் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு பயம். அவரு என்ன சொன்னாரு? 'பேரு புஸ்தகத்துல இருக்கட்டும் பிள்ள, ஆளு பின்னால வருவான்'னு சொன்னாரு. ஒம்போது நாளும் செக்ரோல்ல உங்க பேரு விழுந்துச்சு. பால் எடை கூடப் போட்டாரு. ஒரே எடையாப் போட்டா கணக்கு பாக்குற கிராணி கண்டுபிடிச்சிருவாருன்னு ஒரு நாளு கூட, ஒரு நாளு கொறைச்சு. பத்தாம் நாளு நீங்க எந்திரிச்சு வேலைக்குப் போனீங்க."

நல்லசாமி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"மொத நாளு ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன். புஸ்தகம் அலமாரி மேல இருந்துச்சு. தொறந்தா அன்னிக்கு வரி வெறுமனே கெடந்துச்சு. எனக்கு அத அப்படியே விட்டுட்டு வர முடியல. அவன் முந்தின நாளு எழுதினதப் பாத்து, ஒரு புள்ளி கூட்டிக் கொறைச்சுப் போட்டு எழுதுனேன். எழுதிட்டுப் போனேன், அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் கொஞ்சம் கொறைஞ்சுச்சு. நர்ஸ்கூடச் சொன்னாங்க. அப்புறம் எப்படிங்க எழுதாம இருக்கிறது?"

நானும் எஸ்டேட்டில் பிறந்தவன்தான். பேர் போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உடம்பு முடியாதவனுக்குப் பேர் போட்டவரை நாங்கள் பொய்யர் என்று சொன்னதே கிடையாது. மகராசன் என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஆனால் செக்ரோல் ஆளை எண்ணுவது, இந்தப் புத்தகம் தண்ணீரை எண்ணுவது. இந்த வித்தியாசம் கங்காவுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அவள் நிலையில் எனக்கும் தோன்றியிருக்காது.

"வியாழக்கிழமை நான் போயி நாந்தான் அளந்தேன்னு சொல்லிட்டு வந்துர்றேன்" என்றார் நல்லசாமி. "மீட்டரத் தப்பாப் பிடிச்சேன்னு சொல்றேன். ஆறு வரியோட போகட்டும்."

"எப்படிப் பிடிச்சேன்னு கேப்பாங்க. உங்களுக்குத் தெரியுமா? தப்பு எங்கன்னு சொல்லத் தெரியலன்னா அந்த நம்பருதான் நிக்கும், ஆலைக்காரன் தப்பிச்சுருவான்."

"மவன் பிடிச்சத மூணு வருஷமாப் பாத்தவன்டி நானு."

"அந்த ஆறு நாளும் நீங்க ஆஸ்பத்திரியில இருந்தத நர்ஸு பாத்துச்சு, ஜெட்டி பூராப் பாத்துச்சு. தவுக்கேவுக்குத் தெரியாதா சம்பான்ல நீங்க ஏறலன்னு?"

"அவன் நமக்காக வாயத் தொறக்க மாட்டான்."

"அவனோட கெராங்தானங்க செத்துச்சு."

"செத்தா செத்துட்டுப் போவுது!" நல்லசாமி கத்திவிட்டார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "சிப்பி திரும்ப வரும்டி. வெதச்சா வரும். எனக்கு இருக்கிறது அந்தப் புஸ்தகம் ஒண்ணுதான். அதையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா? நம்ம புள்ள இந்த ஒலகத்துக்கு வந்து என்ன பண்ணான்னு யாராச்சும் கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்?"

கங்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கருகிய சம்பலைச் சுரண்டி மூன்று தட்டில் வைத்தாள். அதைத்தான் தின்றோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துளசி வந்தாள். கொட்டகையில் கங்காவுக்குப் பக்கத்தில் பதினொரு வருஷம் உட்கார்ந்து சிப்பி பிரித்தவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கொட்டகையைப் பூட்டிய பிறகு கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடியுமுன் வேனில் ஏறினால் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. நான் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தேன், வாசலில் நின்று அவள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

"ஏங்கா, அண்ணன் மீட்டிங்குல வந்து தண்ணி நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லப் போறாராமே?"

"யாரு சொன்னா?"

"ஜெட்டியே சொல்லுது. நம்ம புனிதன் புஸ்தகத்த வச்சே ஆலைக்காரன் தப்பிக்கப் போறானாம். அவன் பொறுப்பான புள்ளக்கா. தப்பா எழுதியிருக்க மாட்டான். அப்ப நாங்க பாத்தது என்ன? தண்ணி கறுப்பா வந்துச்சே, எண்ணெ மெதந்துச்சே, எங்க கண்ணு பொய்யா?"

"உள்ள வா துளசி."

"வரல. இன்னிக்கு அவனத் தப்பிக்க விட்டுட்டா நாளைக்கும் தொறந்து விடுவான். நீங்க வெதைக்கிறது எல்லாம் சாகும். அப்புறம் கொட்டகையத் தொறக்கவே மாட்டாங்க. காலப் பாருக்கா என் காலப் பாரு."

அவள் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது. கங்கா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நான் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோது, கங்கா தரையில் உட்கார்ந்து துளசியின் காலைத் தன் மடியில் வைத்து நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். துளசி வேண்டாங்கா, வேண்டாங்கா என்று சொல்லிக்கொண்டே அழுதாள். கங்கா அழவில்லை. ஒரு கால் முடிந்ததும் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை மூன்று பேரும் என் லோரியில் போனோம். நல்லசாமி தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கங்கா நடுவில் உட்கார்ந்திருந்தாள். வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. பாலத்தைத் தாண்டும்போது நல்லசாமி கீழே ஆற்றைப் பார்த்தார், கங்கா பார்க்கவில்லை.

ஆபீஸ் மாடியில் ஏர்கோண் குளிர் எலும்பைத் துளைத்தது. ஐஸ்காரன் நானே நடுங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆலையின் ஆட்கள் மூன்று பேர், இஸ்திரி போட்ட சட்டை, முன்னால் கோப்புகள். இந்தப் பக்கம் தவுக்கே லிம், இன்னும் நாலு தவுக்கேகள், பாக் சமாட். பின் வரிசையில் லீவு போட்டுவிட்டு வந்த துளசி. நடுவில் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும் மலாய் அம்மா, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். நல்ல மனுஷி என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதனால் கஷ்டம் ஒன்றும் குறையவில்லை.

ஆலை ஆள் புத்தகத்தின் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். புனிதனின் கோணல் எழுத்து வரிசை வரிசையாக நின்றது. அதன் கீழே ஆறு வரி, பார்த்தால் அவன் எழுத்தேதான். நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி நல்லசாமி பெயரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து நின்றார். இந்த ஆறு நாளும் அளந்தது நீங்கள்தானா என்று மலாயில் கேட்டார். நல்லசாமி வாயைத் திறந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன், அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போனது.

கங்கா எழுந்தாள்.

"புக்கான் டியா. சாயா" என்றாள். அவர் இல்லை, நான். அவளுக்குத் தெரிந்த எஸ்டேட் மலாய் அவ்வளவோடு நின்றுவிட்டது. மீதியைத் தமிழில் சொன்னாள். ஷாமளா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். "யாரும் அளக்கலம்மா. வீட்டுல உக்காந்து நான் எழுதுனேன். கடலுக்கு யாரும் போகல. தண்ணி எப்படி இருந்துச்சுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. எம் மவனுக்கும் இது தெரியாது. அவன் ஒரு வரிகூடப் பொய்யா எழுதினதில்ல, அத மட்டும் எழுதிக்குங்க."

ஷாமளா கடைசி வாக்கியத்தில் தடுமாறினாள். திரும்பச் சொன்னாள்.

தவுக்கே லிம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பின்வரிசையில் துளசி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். ஆலை ஆள்தான் முதலில் பேசினான். அப்படியென்றால் இந்தப் புத்தகத்தில் எதையுமே நம்ப முடியாது என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமாம், நம்ப முடியாது, நீங்களும் இதைக் காட்டித் தண்ணீர் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது என்றார். புகாரை மூட மாட்டோம், எங்கள் ஆட்களே ஆலையின் குட்டைகளையும் ஆற்றையும் வந்து பார்ப்பார்கள் என்றார். பிறகு ஷாமளாவைப் பார்த்தார். அவள் மேசையில் இருந்த தடித்த அறிக்கையின் முதல் பக்கத்தைத் திறந்து, அளந்தவர்கள் பட்டியலில் முதல் பெயரின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். கோடு நேராக வந்தது. நல்லசாமி அதைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

எழுத்தில் வேண்டும் என்றார் அதிகாரி. புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கங்கா முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் நேராக, ஏன் அளக்கவில்லை என்று அவள் கையாலேயே எழுத வேண்டும். தமிழில் எழுதினால் போதும், ஷாமளா மாற்றித் தருவாள்.

கங்கா குனிந்து எழுதினாள். ஆறாம் வகுப்பு வரை படித்த எழுத்து, மெதுவாகத்தான் வரும். 'அளக்கவில்லை. மகன் ஆஸ்பத்திரியில்.' அடுத்த வரிக்கும் அதையே எழுதினாள். மூன்றாவதற்கும், நாலாவதற்கும், ஐந்தாவதற்கும். ஆறாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

எழுதி முடிக்கவா வேண்டும், அதே காரணம்தானே, கீழே கோடு இழுத்துவிடச் சொல் என்று அதிகாரி ஷாமளாவிடம் மெதுவாகச் சொன்னார். ஷாமளா சொன்னாள்.

"அதே காரணம் இல்லம்மா" என்றாள் கங்கா. "அன்னிக்கு அவன் ஆஸ்பத்திரியில இல்ல."

நல்லசாமி தலையைத் தூக்கினார். ஆறு நாள், ஆறு நாள் என்று வாய் ஓயாமல் பேசியிருந்தோம். ஒருத்தரும் விரலை மடக்கி எண்ணிப் பார்க்கவில்லை.

"வீட்டுலதான் இருந்தான்" என்றாள். "காலையில பதினோரு மணிக்கே போயிட்டானே. கொண்டாந்து ஹால்ல படுக்க வச்சிருந்தோம். எல்லாரும் வந்து உக்காந்திருந்தாங்க. நான் மொகம் கழுவிட்டு வர்றேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயி எழுதுனேன். அஞ்சு புள்ளி மூணு."

ஷாமளா மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கங்கா அந்தத் தாளை இரண்டு கையாலும் அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"மறுநாளுக்கு நான் ஒண்ணும் எழுதல, பாருங்க" என்றாள். "மறுநாளுதான் அவன வீட்ட விட்டுக் கொண்டுபோனோம்."